ஆயா என்ற சொல்லும் அதன் சம்பளமும்

இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணவிகளுக்கு மொழி வரலாறு நடத்தும்போது 'பிறமொழிச் சொற்கள்' என்றொரு பகுதி வரும். போர்த்துகீசியச் சொற்களுக்கான பட்டியல் எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அலமாரி, சாவி, ஜன்னல், மேசை, பீப்பாய், பொத்தான், ஆயா. நானும் இந்தப் பட்டியலைப் படித்துத்தான் தேர்வு எழுதினேன். அதையே பல வருடங்கள் கரும்பலகையிலும் எழுதிப்போட்டேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி கருத்தரங்கத் தாளில் இதை ஒரே மூச்சில் வாசித்தாள். 'பொத்தான்' முடிந்து 'ஆயா' வந்ததும் எனக்குச் சட்டென்று உறைத்தது. வீட்டுச் சாமான்களின் வரிசையில் கடைசியாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் என் அம்மா.

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டி இருந்த ஒரு நர்சரிப் பள்ளியில் அம்மா பதினான்கு வருடங்கள் ஆயாவாக இருந்தாள். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ஊரில் அப்போது ஆண்களுக்குப் போக இடமிருந்தது: 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ், சுற்றிலும் ஸ்பின்னிங் மில்கள், பிரஸ் காலனியில் அரசு அச்சகம். படித்த பெண்களுக்கு வாத்தியார் வேலை. எட்டாவதோடு நின்றுவிட்ட, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நாலு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்களுக்கு என்ன இருந்தது? பள்ளியில் ஆயா வேலை இருந்தது. ஆயாவின் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்ற சலுகையும் இருந்தது. அந்தப் பாதிக் கட்டணத்தில் படித்தவள் நான்.

அந்தப் பள்ளி வராந்தாவில் இரண்டு வகைப் பெண்கள் நடமாடினார்கள். ஒருவர் 'மிஸ்', இன்னொருவர் 'ஆயா'. இரண்டுமே லத்தீனிலிருந்து கிளம்பி வந்த சொற்கள் என்பது எனக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று. லத்தீனில் 'மாகிஸ்' என்றால் 'மேலும், அதிகம்'. அதிலிருந்து 'மாகிஸ்தெர்': மேலே இருப்பவர், ஆசான். அது பிரெஞ்சில் 'மேத்ர்', இத்தாலியத்தில் 'மாஎஸ்த்ரோ', ஜெர்மனில் 'மைஸ்டர்', ஆங்கிலத்தில் 'மாஸ்டர்', போர்த்துகீசியத்தில் 'மெஸ்த்ரெ'. அந்த 'மெஸ்த்ரெ'தான் நம் கட்டட வேலைக்கும் மில்லுக்கும் வந்த 'மேஸ்திரி'. பெண்பாலில் பழைய பிரெஞ்சின் 'மேத்ரெஸ்' ஆங்கிலத்தில் 'மிஸ்ட்ரஸ்' ஆகி, அது சுருங்கி 'மிஸஸ்' என்றும் 'மிஸ்' என்றும் இரண்டாகப் பிரிந்தது. ஆண் மாஸ்டராகவே இருந்தான். பெண்ணுக்கு மட்டும் கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்ற கேள்வி சொல்லுக்குள் புகுந்துகொண்டது. 'மிஸ்ட்ரஸ்' என்ற முழுச்சொல்லோ கள்ள உறவுக்காரி என்ற பொருளுக்கும் இறங்கிவிட்டது. (இதற்கு எதிர்ச்சொல் 'மினிஸ்தெர்'. 'மைனஸ்' என்பதன் உறவு. குறைந்தவர், ஏவல் செய்பவர் என்று பொருள். அது மினிஸ்டர் ஆகிக் கொடி கட்டிய காரில் போகிறது. சொற்களுக்கும் அரசியல் வாழ்வு உண்டு போலிருக்கிறது.)

மிஸ் கதை பலரும் எழுதியதுதான். ஆயா கதைக்கு வருகிறேன்.

1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய கலப்புச் சொற்களின் களஞ்சியம். ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ்நாட்டை அறிந்தவர். இந்த அகராதி 'ஆயா' என்ற சொல்லை, தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் புகுந்திருந்தாலும், போர்த்துகீசியம் என்றே தீர்மானிக்கிறது. அங்கே 'ஆயோ' என்பது ஆண்பால்: பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியன். 'ஆயா' அதன் பெண்பால். ஆண்பால் வடிவம் இந்தியாவுக்குக் கப்பலேறவில்லை. இத்தாலியில் அந்த ஆயோ 1824இல் தொனிசெத்தியின் நகைச்சுவை ஓபரா ஒன்றுக்கே நாயகனானான், சங்கடத்தில் மாட்டிக்கொண்ட வீட்டு ஆசிரியனாக. இங்கே வந்து சேர்ந்தவள் பெண் மட்டும். வரும் வழியில் ஆசிரியை என்ற பாதியைக் கடலில் போட்டுவிட்டு, பணிப்பெண் என்ற மீதியோடு இறங்கினாள்.

அந்த அகராதி சொல்லின் பழைய பயன்பாடுகளுக்குச் சான்று தருகிறது. 1779ஆம் ஆண்டுச் சான்று கல்கத்தாவில் நடந்த ஒரு வழக்கிலிருந்து எடுத்தது. கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் இருந்த பிலிப் பிரான்சிஸ், 1778 டிசம்பரில் ஜார்ஜ் கிராண்ட் என்பவரின் வீட்டுக்குள் அவர் இல்லாத இரவில் நுழைந்து பிடிபட்டார். கிராண்டின் இளம் மனைவி கேத்தரின், நம் தரங்கம்பாடியில் 1762இல் பிறந்தவர். பின்னாளில் பிரான்சின் தலேராந்தை மணந்து ஐரோப்பாவில் பேர்பெற்றார். கணவனுக்கு 50,000 ரூபாய் இழப்பீடு தரச்சொன்னது நீதிமன்றம். அகராதி இந்த வழக்கில் எடுத்துக்கொண்டது பரிமாறும் வேலைக்காரர் ஒருவரின் சாட்சியத்தை. ஆயா கீழே இறங்கி வந்து, எஜமானிக்கு மெழுகுவர்த்தி வேண்டுமென்று கேட்டதாக அவர் சொல்கிறார். அவ்வளவுதான். அந்தச் சான்றில் எஜமானி இருக்கிறாள், மெழுகுவர்த்தி இருக்கிறது, ஆயாவுக்குப் பெயர் இல்லை.

அடுத்த சான்று 1782ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்றில் வந்த சம்பளப் பட்டியல். கான்சாமாவுக்கு மாதம் 10 ரூபாய், ஆயாவுக்கு 5. அகராதிக்காரர்கள் இதைச் சொல்லின் எழுத்துக்கூட்டலைக் காட்டத்தான் எடுத்துப்போட்டார்கள். நான் அதைச் சம்பளப் பட்டியலாகவே படித்தேன். ஒரு கணவனின் மானத்துக்கு நீதிமன்றம் போட்ட விலையை அந்த வீதத்தில் ஒரு ஆயா சம்பாதிக்க 833 வருடம் வேலை பார்க்க வேண்டும்.

போர்த்துகீசியத்துக்கு முன்னால் போனால் லத்தீன். 'ஆயா'வின் வேர் 'ஆவியா' என்று பல அகராதிகள் சொல்கின்றன. ஆவியா என்றால் பாட்டி. ஸ்பானியச் சொல்லாய்வாளர் சிலர் இதை ஏற்காமல், காவலன் என்ற பொருள்கொண்ட கோத்திய வேரைக் காட்டுகிறார்கள். ஆண்பால் 'ஆயோ'வை விளக்க அது வசதி. பாட்டியிலிருந்து பிரபுவின் ஆசிரியன் எப்படிப் பிறப்பான் என்று கேட்கிறவர்களுக்குக் கோத்தியக் காவலன் கௌரவமான பதில்தான். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பெண்பாலிலிருந்து ஆண்பால் வந்திருக்கலாம் என்ற எண்ணமே நம் இலக்கணப் பழக்கத்துக்கு எவ்வளவு அந்நியம் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆவியாவின் மற்றப் பிள்ளைகளைப் பாருங்கள். அந்தச் சொல்லைச் செல்லமாகச் சுருக்கி 'ஆவியோலா' என்றார்கள். அதுவே ஸ்பானியத்தில் 'அபுவேலா', போர்த்துகீசியத்தில் 'அவோ', பிரெஞ்சில் 'ஐயேல்'. எல்லாம் பாட்டிதான். தாத்தாவைக் குறித்த 'ஆவுஸ்' என்ற சொல்லிலிருந்து 'ஆவுன்குலுஸ்' வந்தது. 'குட்டித் தாத்தா' என்று அர்த்தம். குறித்ததோ அம்மாவின் அண்ணன் தம்பியை. சித்தப்பா பெரியப்பாவுக்கு லத்தீனில் வேறு சொல். ஆக, இன்று ஐரோப்பா முழுக்க யாரை வேண்டுமானாலும் அழைக்கும் 'அங்கிள்', பிறப்பில் அசல் தாய்மாமன். கொங்கு நாட்டில் தாய்மாமனுக்குரிய இடம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமன் சீர் வராமல் எந்த விசேஷமும் நகராது. 'ஆன்ட்டி'க்கு வேர் 'ஆமிதா', அப்பாவின் அக்கா தங்கை, நம் அத்தை. அம்மாவின் உடன்பிறந்தவளுக்கு 'மாதெர்தெரா' என்று ஒரு அழகான சொல் இருந்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அது செத்தேபோய்விட்டது. அம்மா வழிப் பெண்ணைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் போனால் நஷ்டம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படிப் பார்த்தால் ஆவியா தப்பித்தாள் எனலாம். அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போய்த் தப்பித்தாள்.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி கை தூக்கினாள்.

"மேடம், எங்க ஊர்ல ஆயான்னா அம்மாவோட அம்மா. எங்க ஆயாதான் என்னை வளத்தாங்க. அது எப்படி மேடம் போர்த்துகீசியச் சொல் ஆகும்?"

அருமையான கேள்வி. செட்டிநாட்டிலும் வட மாவட்டங்களிலும் ஆயா பாட்டிதான். பழந்தமிழில் என் அம்மா 'யாய்', உன் அம்மா 'ஞாய்', அவள் அம்மா 'தாய்'. மூன்றுக்கும் அடியில் இருப்பது 'ஆய்'. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 'ஆய்' என்பதை அம்மா என்ற பொருளில் பதிகிறது. மாரியாயியில் இருப்பது அதுதான். எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவை அம்மாயி என்கிறோமே, அதிலும் ஆயி இருக்கிறாள். ஆக, லிஸ்பனிலிருந்து ஒரு ஆயா கப்பலில் வந்து இறங்கியபோது இங்கே ஏற்கெனவே ஒரு ஆயா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே ஒலி. லத்தீன் வேர் சரியென்றால் இருவரும் ஒரே பொருளும்கூட, பாட்டி! மொழியியலில் இதைத் தற்செயல் என்பார்கள். தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலால் ஒரு வேலை நடந்தது. சம்பளம் வாங்கும் பணிப்பெண்ணைப் பாட்டியின் பெயரால் கூப்பிட முடிந்தது. பாட்டியிடம் யாராவது சம்பளம் பேசுவார்களா? லீவு கேட்கும் பாட்டியை யார் பார்த்திருக்கிறார்கள்?

வீட்டு வேலை செய்பவரை 'அக்கா', 'பாட்டி', 'ஆத்தா' என்று கூப்பிடுவது மரியாதை என்றுதான் நாமெல்லாம் வளர்க்கப்பட்டோம். அதில் உண்மையான பாசம் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் அம்மாவை இன்றும் பெரியநாயக்கன்பாளையம் பஸ் நிறுத்தத்தில் பார்த்துவிட்டு, "ஆயா, நல்லாருக்கீங்களா? என்னைத் தெரியுதா?" என்று வளர்ந்த பையன்கள் ஓடிவருகிறார்கள். அம்மா அவர்கள் கன்னத்தைத் தொட்டு, இன்னின்ன டப்பாவில் சோறு கொண்டுவருவாய், பீட்ரூட்டைத் துப்புவாய் என்கிறாள். அவர்கள் பெயரெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுடையது அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நானும் அவளை ஆயா என்றுதான் கூப்பிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு பெண், "ஆயா உங்க அம்மாவா?" என்று கேட்டாள். நான், "ஆயா எல்லாருக்கும் ஆயா" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிலிருந்து கேட்டுக்கு உள்ளே அம்மா ஆயா ஆனாள். அவள் அதைத் திருத்தவே இல்லை. கேட்டைத் தாண்டியதும், "அம்மிணி, பையைக் குடு" என்று வாங்கிக்கொள்வாள். மூன்றாம் வகுப்பில் ஒரு மதியம் எனக்குக் காய்ச்சல். வகுப்பு வாசலில் நின்று வராந்தாவைப் பார்த்தேன். அம்மா எல்.கே.ஜி. பையன் ஒருவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாந்தி எடுத்திருந்தான். அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய் உட்கார் என்று கண்ணாலேயே சொன்னாள். பெல் அடிக்கும் வரை நான் பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடந்தேன்.

இதை வைத்துக்கொண்டுதான் எசா டி கெய்ரோஸின் கதையைப் படித்தேன். போர்த்துகல்லின் பெரிய நாவலாசிரியர். 1893இல் அவர் எழுதிய சிறுகதையின் தலைப்பே 'ஆயா'தான், போர்த்துகீசியத்தில். அரசன் போரில் இறந்துவிடுகிறான். பச்சைக் குழந்தையான இளவரசனைக் கொன்று அரியணையைப் பிடிக்கச் சித்தப்பன் படையோடு வருகிறான். அரண்மனையிலேயே பிறந்த அடிமைப்பெண்தான் இளவரசனுக்குப் பால் கொடுக்கும் ஆயா. அவளுக்கும் அதே வயதில் ஒரு மகன். ஒருவன் தந்தத் தொட்டிலில், இன்னொருவன் பிரம்புத் தொட்டிலில். காலடி ஓசை கேட்டதும் அவள் குழந்தைகளை மாற்றிவிடுகிறாள். தந்தத் தொட்டிலில் கிடந்த அவள் மகனைத் தூக்கிப்போய்க் கொல்கிறார்கள். நாடு பிழைக்கிறது. நன்றி செலுத்த ராணி கருவூலத்தைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்கிறாள். ஆயா ஒரு குத்துவாளை எடுக்கிறாள். இளவரசனைக் காப்பாற்றியாயிற்று, இனி என் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறேன் என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டு நெஞ்சில் குத்திக்கொள்கிறாள்.

நம்மில் பலருக்கு இந்தக் கதை வேறொரு பெயரில் தெரியும். மேவாரின் பன்னா தாய். 16ஆம் நூற்றாண்டில் சித்தூர்க் கோட்டையில் இளவரசன் உதய்சிங்கைக் கொல்ல பன்பீர் வந்தபோது, தன் மகன் சந்தனைத் தொட்டிலில் கிடத்தியவள். ராஜஸ்தானில் அவள் தியாகச் சின்னம். இரண்டு கண்டம், ஒரே தொட்டில் மாற்றம். எசா எழுத்தில் கைதேர்ந்தவர். அந்தக் கருவூலக் காட்சியை மறக்க முடியாது. ஆனாலும் இரண்டு கதைகளிலும் எனக்கு ஒரே இடத்தில்தான் முள் குத்துகிறது. ஆயாவின் அன்பு உண்மைதான் என்று எஜமானர் நம்புவதற்கு அவள் பிள்ளை செத்தாக வேண்டும். எசாவின் கதையில் அந்த மகனுக்குப் பெயரே இல்லை. பன்னாவின் மகனுக்குப் பெயர் உண்டு என்பதற்காக ராஜஸ்தானியக் கதைசொல்லிகளுக்கு ஒரு நன்றி. எசா செய்த ஒரே நல்ல காரியம் அவளைக் கூலி வாங்கவிடாமல் செய்தது என்று சிலர் படிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை அவளைக் கொன்றுவிட்டால் மறுநாள் காலை அந்த அரண்மனையில் அவளுக்கு என்ன சம்பளம், அவள் இன்னும் அடிமையா என்ற கேள்வியை ஆசிரியர் எழுத வேண்டியதில்லை. தந்தத் தொட்டிலையும் பிரம்புத் தொட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அரண்மனையைக் கதை தொடவே இல்லை.

இங்கே இன்னொரு திருப்பம். மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய, பிள்ளை பெற்றுத்தரும் அடிமைகளாகப் பெண்கள் ஆக்கப்பட்ட தேசத்தின் நாவல், பிரேசிலில் 'ஆயாவின் கதை' என்று பொருள்படும் தலைப்பில்தான் விற்கிறது. சிவப்பு அங்கியும் வெள்ளைத் தலைமறைப்பும் அணிந்த அந்தப் பெண், போர்த்துகீசியம் பேசும் ஒரு நாட்டில் 'ஆயா'. என் மாணவிகள் தொலைக்காட்சித் தொடராக அதைப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கும் நம் அங்கன்வாடி ஆயாவுக்கும் ஒரே சொல் என்றதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியானது. நாவலில் அந்தப் பெண்கள் எஜமானின் பெயரால் அழைக்கப்படுவார்கள், இன்னாருடையவள் என்று. கப்பல் பயணிகளின் பட்டியலிலும் அப்படித்தான்: திருமதி இன்னாரும் அவர் ஆயாவும். ஆங்கிலேயக் குடும்பங்கள் திரும்பிப்போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை லண்டனுக்கு அழைத்துப்போனார்கள். கப்பலை விட்டு இறங்கியதும் பலரை அப்படியே கைவிட்டார்கள். அப்படி நின்றவர்களுக்காக லண்டனின் ஆல்ட்கேட் பகுதியில் ஒரு விடுதி இருந்தது. 1900இல் அதைக் கிறித்தவ மிஷன் ஒன்று ஏற்று, ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டுக்கு மாற்றியது. 1986இல் ரோசினா விஸ்ராம் எழுதிய நூல்தான் இந்த வரலாற்றைப் பரவலாக வெளியே கொண்டுவந்தது. 2022இல் அந்த வீட்டுச் சுவரில் நீல வட்டப் பலகை பதித்தார்கள். பலகையில் இருப்பது விடுதியின் பெயர்.

தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் கொஞ்சம் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது, முதல் பார்வைக்கு. செவிலி எப்போதெல்லாம் பேசலாம் என்று தொல்காப்பியம் தனியாக விதி வகுக்கிறது. பெற்றவளான நற்றாயைவிட அகப்பாடல்களில் அவள் குரல் அதிகம் கேட்கும். செவிலியின் மகள்தான் தோழி என்றும் அது வரையறுக்கிறது. ஆயாவின் மகள்! அகத்திணை முழுக்கத் தலைவிக்காக வாதாடுபவள், பொய் சொல்பவள், தலைவனை மடக்குபவள், அந்த உலகத்தின் ஆகச்சிறந்த பேச்சாளி. இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பிறகுதான் கவனித்தேன், அவள் அத்தனை பேச்சும் தலைவியின் காதலைப் பற்றி. தோழிக்கென்று ஒரு காதல் கிடையாது. ஏவல் செய்வோரையும் வினை செய்வோரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான் தொல்காப்பியம் நிறுத்துகிறது. செவிலி என்ற சொல்லை இன்று நாம் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டோம், 'நர்ஸ்' என்பதற்கு ஈடாக. நர்ஸும் லத்தீனில் பாலூட்டுபவள்தான். படிப்பு, பதிவு, சீருடை என்று மேலே ஏறிவிட்டாள். ஆயாவுக்குச் சீருடைப் புடவை மட்டும்தான் கிடைத்தது.

அங்கன்வாடிக்கு வருவோம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'உதவியாளர்'. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பால்வாடி ஆயாதான். அவர்கள் வாங்குவது சம்பளம் இல்லை, 'மதிப்பூதியம்'. 2018 அக்டோபரில் மத்திய அரசு உதவியாளருக்கான தன் மதிப்பூதியத்தை மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,250 ஆக்கியது. மாநிலங்கள் அதற்கு மேல் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. மதிப்பூதியம் என்பது 'ஹானரேரியம்', இதுவும் லத்தீன். ரோமில் வழக்குரைஞர்கள் உயர்குடியினர். வாதாடுவதற்குப் பரிசோ பணமோ வாங்கக் கூடாது என்று கி.மு. 204இலேயே சட்டம். கூலி வாங்குவது இழிவு என்பதால் அத்தகையோருக்குக் கொடுத்ததைக் கௌரவக் கொடை என்று சொல்லி மழுப்பினார்கள். கூலி என்ற சொல் அவமானமாகப் படும் பணக்காரர்களுக்காகப் பிறந்த சொல், கூலி என்ற உரிமையே கிடைக்காத ஏழைப் பெண்களின் தலையில் இறங்கியிருக்கிறது. ஊதியம் என்றால் வேலைநேரம், பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாம் கேட்பார்கள். மதிப்பைக் கொடுத்தால் யார் மறுபடி என்ன கேட்க முடியும்? ஆனாலும் கேட்டார்கள். 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கு ஒன்றில், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை எழுதும் நானும் ஒரு கல்லூரியில் 'கௌரவ' விரிவுரையாளர்தான். மே மாதம் எனக்கு ஊதியம் கிடையாது, கௌரவம் மட்டும் உண்டு.

ஆயா என்ற பொதுப்பெயருக்குள் எல்லாப் பெண்களும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அம்மா வேலை பார்த்த பள்ளியில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் ஆயா வேறு, கழிப்பறை கழுவும் ஆயா வேறு. இருவரும் வாங்கியது ஏறக்குறைய ஒரே தொகை. தண்ணீர் குடித்த டம்ளர் வேறு வேறு. அம்மா ஊட்டும் ஆயா. அது எங்கள் சாதி வாங்கிக்கொடுத்த இடம் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் தடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. உறவுப்பெயர் எல்லாரையும் அணைத்துக்கொள்கிறது என்று சொல்பவர்கள் அந்தச் சமையல்கட்டு வாசலில் போய் நின்று சொல்லட்டும்.

இந்தக் கட்டுரையின் முதல் படியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். லத்தீன் பகுதியில் கொட்டாவி விட்டாள். தொட்டில் கதைக்கு மட்டும், "அவளுக்கென்ன கிறுக்கா? ரெண்டையும் தூக்கிட்டு ஓடியிருக்கலாமல்லோ" என்றாள். எசாவைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இப்படி ஒரு வரி இல்லை.

பட்டியலில் பெயரில்லாமல் நிற்கும் ஆயாக்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அவள் பெயரைப் போடாமல் எப்படி முடிப்பது என்று கேட்டேன். பெயரோடு அச்சில் வர வேண்டும் என்பது என் ஆசை.

"பேரெல்லாம் வேண்டாங் கண்ணு."

"ஏம்மா?"

"பதினாலு வருசம் சம்பள நோட்டுல 'ஆயா-2'ன்னுதான் போட்டிருந்தாங்க. அதுக்கு நேரா கையெழுத்துப் போட்டேன். அப்ப வேணும்னு இருந்துச்சு. இப்ப உன்ற புத்தகத்துல போட்டு எனக்கு என்னாகப் போகுது? ஊர்ல நாலு பேரு படிச்சுப்போட்டு, புள்ள அம்மாளக் காட்டிக் கொடுத்துட்டான்னு பேசுவாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்கத்தாக்காரிக்கு எத்தனைன்னு சொன்னே?"

"அஞ்சு ரூபாய். அது வேற ஆயாக்களோட பட்டியல்மா, அவளோடது தெரியாது."

"சரி, அதைய போட்டிருக்கறல்லோ. அப்ப என்றதையும் போடு. பேரு வேண்டாம், சம்பளத்தைப் போடு."

போடுகிறேன். 1996 ஜூனில் சேர்ந்தபோது மாதம் 450 ரூபாய். 2010 ஏப்ரலில் நின்றபோது 2,800. மே மாதத்துக்குக் கிடையாது.